கோவையில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமக்கள் 2026 நவம்பர் தேர்தலில் ஓட்டுப் போடுவது எப்படி?

வடவள்ளிவாசி:

வணக்கம். நானும் மனைவியும் அமெரிக்கக் குடிமக்கள். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையோடு கோவையில் இருக்கிறோம். கடைசியாக இருந்தது நியூ ஜெர்சி, எடிசன். 2006-ல் வீட்டை விற்றுவிட்டு வந்ததிலிருந்து அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ எந்த முகவரியும் கிடையாது. அங்கிருந்த காலத்திலும் வாக்காளராகப் பதிவு செய்ததில்லை. மகள் 2007-ல் கோவையில் பிறந்தவள். அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் அங்கே குடியிருந்ததே இல்லை.

வரும் நவம்பர் 3 தேர்தலில் மூன்று பேரும் ஓட்டுப் போட முடியுமா? சென்னை தூதரகத்தில் பூத் வைப்பார்கள் என்று ஒருவர் சொல்கிறார். ஓட்டுப் போட்டால் நியூ ஜெர்சி மாநில வரி துரத்திக்கொண்டு வரும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். இழுபறியாக இருந்தால்தான் வெளிநாட்டு ஓட்டை எண்ணவே செய்வார்கள் என்பது மூன்றாமவர் கணக்கு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கவுன்ட்டிகிளார்க்:

மூன்று பேரும் போடலாம். தூதரகத்தில் பூத் கிடையாது. பிரான்ஸ் தன் குடிமக்களுக்கு வைப்பதைப் பார்த்து வந்த குழப்பம் அது. அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலமும் கவுன்ட்டியும் (நம் மாவட்டம் மாதிரி). வெளிநாட்டில் இருப்பவர் தம் கடைசி அமெரிக்க முகவரி எந்தக் கவுன்ட்டியோ அங்கேதான் வாக்காளர். 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. 2009-ல் வந்த திருத்தம் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சேர்த்தது: தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டை அனுப்பிவிட வேண்டும், கேட்டால் மின்னணு வழியிலும் அனுப்ப வேண்டும். 2026-க்கு அந்த 45-ஆவது நாள் செப்டம்பர் 19.

வீட்டை விற்றதோ இருபது வருடம் ஆனதோ தடையில்லை. அந்த வீட்டில் இன்று வேறொருவர் குடியிருந்தாலும், கட்டடத்தையே இடித்திருந்தாலும் அதுதான் உங்கள் 'வாக்கு முகவரி'. ஆனால் கதவு எண்ணும் தெருப் பெயரும் சரியாக இருக்க வேண்டும். எந்தக் காங்கிரஸ் தொகுதிச் சீட்டு உங்களுக்கு வரும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மறந்திருந்தால் பழைய டபிள்யூ-2 (சம்பள, வரி விவரத்) தாளிலோ வீடு விற்ற பத்திரத்திலோ பாருங்கள். இப்போது டெக்சஸில் இருக்கும் மச்சான் வீட்டு முகவரியைப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்கள் குடியிருக்காத முகவரியைத் தந்து, பொய்யானால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின் கீழே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

நிரப்ப வேண்டியது ஒரே படிவம்: ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன், சுருக்கமாக எஃப்.பி.சி.ஏ. வாக்காளர் பதிவும் வாக்குச்சீட்டு விண்ணப்பமும் இதிலேயே அடக்கம், அதனால் இதுவரை பதிவு செய்யாதது பிரச்சினையே இல்லை. எஃப்.வி.ஏ.பி. என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக. சிக்கல் வருகிற இடங்கள் இவை:

மேலே உங்களை வகைப்படுத்தச் சொல்வார்கள். திரும்பிப் போகும் எண்ணம் உண்டு, திரும்புவது நிச்சயமில்லை, அமெரிக்காவில் வசித்ததே இல்லை என்று பெட்டிகள் இருக்கும். நீங்களும் மனைவியும் இரண்டாவது, மகள் மூன்றாவது. இரண்டாவதைக் குறித்தால் நியூ ஜெர்சியில் கூட்டாட்சிப் பதவிகளுக்கான சீட்டு மட்டும் வரும். இந்த முறை அது செனட்டும் பிரதிநிதிகள் சபையும். கவுன்ட்டி, நகராட்சி, பள்ளி வாரியம் எதுவும் வராது. அதற்காக முதல் பெட்டியைக் குறிக்க ஆசைப்படாதீர்கள். வரிப் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அடையாளத்துக்கு நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிம எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கம். மகளுக்கு இரண்டுமே இல்லாவிட்டால் பெட்டியை வெறுமனே விட்டுவிடாமல், கீழே கூடுதல் விவரப் பகுதியில் 'இரண்டும் எனக்கு இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். வெறும் பெட்டியோடு போகும் படிவம் விளக்கம் கேட்டுத் திரும்பும், அதிலேயே வாரக்கணக்கில் போய்விடும்.

சீட்டு எப்படி வர வேண்டும் என்ற இடத்தில் மின்னஞ்சல் என்று குறியுங்கள். தபால் என்று குறித்தால் செப்டம்பர் 19-ல் கிளம்பும் கவர் தீபாவளிக்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சோஷியல் செக்யூரிட்டியில் இனிஷியல் மட்டும் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, மற்றதை 'முந்தைய பெயர்' கட்டத்தில் போடுங்கள். கவுன்ட்டி ஊழியர் எண்ணையும் பெயரையும் ஒப்பிடும்போது பொருந்தவில்லை என்றால்தான் பதிவு நிலுவையில் நிற்கும்.

அச்சிட்டு, பேனாவால் கையெழுத்தும் தேதியும் போட்டு, மிடில்செக்ஸ் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்பினாலும் மூலத்தாளையும் தபாலில் போட்டுவிடுங்கள், புதிதாகப் பதிவாகிறவர்கள் என்பதால் குறிப்பாக. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தேதி முக்கியம். இந்தப் படிவத்தை அந்தந்த ஆண்டுக்கு என்று நினைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. 2024-ல் அனுப்பியவர்கள் 2026-லும் சீட்டு தானாக வரும் என்று உட்கார்ந்திருப்பதுதான் நான் பார்க்கும் குளறுபடிகளில் பாதி. ஜனவரியில் அனுப்புவது நல்லது. தவறவிட்டால் ஆகஸ்ட் தாண்ட விடாதீர்கள்.

எண்ணுவார்களா என்ற கேள்விக்கு: செல்லுபடியான எல்லா ஓட்டையும் எண்ணுவார்கள், வித்தியாசம் எவ்வளவு பெரிதானாலும். தேர்தல் இரவில் டிவியில் முடிவு சொல்லும்போது இவை பெரும்பாலும் எண்ணி முடிந்திருக்காது என்பதால் வந்த வதந்தி அது. 2000-ல் ஃபுளோரிடாவில் வெளிநாட்டுச் சீட்டுகளைச் சேர்க்கும் முன் புஷ் 300 ஓட்டு முன்னிலை, சேர்த்தபின் 930. கடைசியில் அதிபர் பதவியை முடிவு செய்த வித்தியாசம் 537.

---

எழும்பூர்தபால்:

திருப்பி அனுப்புவதைப் பற்றி நான் சொல்கிறேன். மேலே சொன்னது சுலபமான பாதி.

நியூ ஜெர்சி மின்னஞ்சலிலும் ஃபேக்ஸிலும் நிரப்பிய சீட்டை வாங்கும். ஆனால் இரண்டு நிபந்தனை. ரகசியத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்து அனுப்ப வேண்டும். மூலச் சீட்டை உடனே தபாலிலும் அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் போய்விட்டது, வேலை முடிந்தது என்று காகிதத்தை மேஜை மேலேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அனுப்ப வேண்டிய இடமும் மாறுகிறது, கவனியுங்கள்: விண்ணப்பம் கவுன்ட்டி கிளார்க்குக்கு, நிரப்பிய சீட்டு கவுன்ட்டி தேர்தல் வாரியத்துக்கு. இரண்டும் தனி அலுவலகம். சீட்டோடு வரும் குறிப்பில் உள்ள முகவரியை மட்டும் நம்புங்கள்.

ஸ்கேன் செய்யும்போது: மொபைலில் எடுத்த நான்கு படங்களைத் தனித்தனியாக இணைக்காதீர்கள், ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பினால் அரசு அலுவலகக் கணினியில் திறக்க மாட்டார்கள். பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு போடாதீர்கள். கையெழுத்து வரிமேல் விரல் நிழல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த ஒரு வரியைத்தான் அவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஏ4 தாளில் அச்சிடலாமா என்று பலரும் கேட்பார்கள். தாராளமாக. வீட்டில் அச்சிட்ட தாளை எந்திரம் எப்படியும் படிக்காது. ஊழியர்கள் அதைப் பார்த்து முறையான சீட்டு ஒன்றில் குறிகளை அப்படியே மாற்றி எழுதித்தான் எந்திரத்தில் விடுவார்கள். ரகசியத்தை விட்டுக்கொடுக்கும் தாள் கேட்பதும் அதற்காகத்தான். ஓரம் வெட்டுப்படாமல் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வோடு அச்சிட்டால் போதும்.

இனி காகிதம். மூன்று வழி இருக்கிறது.

இந்திய அஞ்சல் ஸ்பீட் போஸ்ட்: மலிவு, ரசீது உண்டு, அமெரிக்காவில் அவர்கள் தபால்துறையே கொண்டு சேர்ப்பதால் பி.ஓ. பாக்ஸ் முகவரிக்கும் போகும். கவுன்டரில் தேதி முத்திரை தெளிவாக விழச் சொல்லிக் கேளுங்கள். மசி பரவிய முத்திரையால் பயன் இல்லை. ஆனால் 2025-ஐ மறக்க வேண்டாம். அமெரிக்கச் சுங்க விதி மாறியதில் ஆகஸ்ட் 25-லிருந்து அஞ்சல்துறை அமெரிக்காவுக்கு பார்சல்களை நிறுத்தியது. சில நாளில் கடிதம், ஆவணம் உள்பட எல்லாமே நின்றது. அக்டோபர் 15-ல்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். சரியாகச் சீட்டு போய்வரும் பருவம் அது. இப்படி இன்னொரு முறை நடந்தால் என்ன செய்வது என்று ஒரு மாற்று வழியும் கையில் இருக்கட்டும்.

தனியார் கூரியர்: ஒரு வாரத்துக்குள் போய்விடும், சில ஆயிரம் ரூபாய் ஆகும். பி.ஓ. பாக்ஸுக்கு டெலிவரி செய்ய மாட்டார்கள். தெரு முகவரி வேண்டும், வாரியத்திடம் கேட்டு வாங்குங்கள். உள்ளே என்ன என்றால் 'ஆவணம், வணிக மதிப்பு இல்லை' என்று எழுதுங்கள். மூன்று பேர் சீட்டையும் ஒரே உறையில் திணிக்காதீர்கள். கூரியர் பை ஒன்றாக இருக்கலாம், உள்ளே ஒவ்வொருவர் சீட்டும் தனித்தனியாக ஒட்டிய உறையில் அவரவர் சான்றுத் தாளோடு இருக்க வேண்டும்.

சென்னை துணைத் தூதரகம்: ஒட்டிய உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தூதரகப் பையில் அமெரிக்கா போய், அங்கிருந்து உள்நாட்டுத் தபாலில் சேரும். எஃப்.வி.ஏ.பி. தளத்தில் தபால்கட்டணம் செலுத்தியதாக அச்சிட்ட உறை மாதிரி ஒன்று இருக்கிறது. அது தூதரக வழியில் செல்லும், அமெரிக்கத் தபால் நிலையத்தில் செல்லும். ஆர்.எஸ்.புரம் தபால் நிலையத்தில் செல்லாது, அங்கே முழுத் தபால்தலை ஒட்ட வேண்டும். தூதரக வழிக்கு நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரம் தாண்டினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எந்த நாள், எந்த நேரம் வாங்குகிறார்கள் என்று தளத்தில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

தபாலில் போகும் சீட்டில் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருந்தால், நியூ ஜெர்சி அதற்குப் பின் 144 மணி நேரம் வரை ஏற்கும். அதை நம்பி உட்காராதீர்கள். தேர்தல் நாளுக்குப் பின் வரும் சீட்டை ஏற்கலாமா என்ற மிசிசிப்பி வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. காகிதம் தேர்தல் நாளுக்கு முன்பே போய்ச் சேரட்டும் என்று கணக்குப் போடுங்கள். மின்னஞ்சல் பிரதிக்கு வாக்குப்பதிவு முடியும் நேரமே கெடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நவம்பர் 3 இரவு 8 மணி என்பது நமக்கு 4-ஆம் தேதி காலை 6.30. அங்கே நவம்பர் 1-ல் கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

---

டாலஸ்டுதஞ்சாவூர்:

எழும்பூர்தபால் சார், எனக்குக் கடைசி முகவரி டெக்சஸ். நியூ ஜெர்சி மாதிரி மின்னஞ்சலில் திருப்பி அனுப்பலாமா? சின்னம்மா கலிபோர்னியா, அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

---

எழும்பூர்தபால்:

டெக்சஸில் முடியாது. சீட்டு மின்னஞ்சலில் வரும். வெளிநாட்டில் இருக்கும் சாதாரணக் குடிமகன் அதைக் காகிதமாகத்தான் திருப்ப வேண்டும், தபாலிலோ கூரியரிலோ. நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பினால் யாரும் திட்ட மாட்டார்கள், எண்ணவும் மாட்டார்கள். பென்சில்வேனியா, நியூயார்க், இல்லினாய், ஜார்ஜியா, ஒஹையோ எல்லாம் இதே கதைதான். டெக்சஸிலும் 'திரும்புவது நிச்சயமில்லை' என்றால் கூட்டாட்சிச் சீட்டு மட்டும்.

கலிபோர்னியா ஒரு விசித்திரம்: மின்னஞ்சல் கூடாது, ஃபேக்ஸ் கூடும். கூடவே வாக்காளர் உறுதிமொழித் தாளும் போக வேண்டும், தேர்தல் நாள் அங்கே இரவு 8 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தஞ்சாவூரில் ஃபேக்ஸ் மெஷினைத் தேடி அலைய வேண்டாம், இணையவழி ஃபேக்ஸ் சேவைகள் இருக்கின்றன. அனுப்பியதும் வரும் உறுதிச் சீட்டில் எத்தனை பக்கம் போனது என்று எண்ணிப் பாருங்கள். உறுதிமொழிப் பக்கம் பாதியில் நின்றுபோவதுதான் வழக்கமான கோளாறு. ஃபுளோரிடாவும் வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வாங்கும். மாசசூசெட்ஸ் மின்னஞ்சலே வாங்கும். பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள், அவர் வேறு மாநிலமாக இருப்பார்.

---

வரிக்கணக்கு:

மாநில வரி பயத்துக்கு வருகிறேன். கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப் போடுவதால் ஒருவருடைய வரி வசிப்பிடம் மாறாது என்று அந்த 1986 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே வடவள்ளிவாசிக்கு நியூ ஜெர்சி வரித்துறை நோட்டீஸ் இந்த ஓட்டால் வராது. 'திரும்பும் எண்ணம் உண்டு' என்று குறித்து மாநில, உள்ளூர்ப் பதவிகளுக்கும் ஓட்டுப் போடுகிறவர் விஷயம் வேறு. வசிப்பிடம் பற்றித் தகராறு வந்தால் மாநிலம் எடுத்துக்காட்டும் ஆதாரங்களில் அதுவும் ஒன்றாகும். கலிபோர்னியாக்காரர்கள் அந்தப் பெட்டியைக் குறிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூட்டாட்சி வருமான வரித் தாக்கல், இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்தம் 10,000 டாலர் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு விவரம்) தாக்கல் இரண்டும் ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் இருக்கின்றன. இதுவரை தாக்கல் செய்யாதவர்கள் ஓட்டுப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஒதுங்குவதைக் கேள்விப்படுகிறேன். எஃப்.பி.சி.ஏ. போவது கவுன்ட்டிக்கு, வருமான வரித்துறைக்கு அல்ல.

இந்த வரி விஷயத்துக்காகவே ஓட்டுப் போடலாம் என்பது என் கட்சி. அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை வெளிநாட்டு வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்ற ஃபாட்கா சட்டம் 2010-ல் வந்தபின், அமெரிக்கக் குடிமகன் என்றாலே கணக்குத் தொடங்கத் தயங்கும் வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் எத்தனை! வெளிநாட்டில் வசிப்பவருக்கு வசிப்பிட அடிப்படையில் வரி என்ற மசோதாவை இல்லினாய் எம்.பி. டேரின் லாஹூட் 2024 டிசம்பரில் கொண்டுவந்தார். அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில் டிரம்ப்பும் இரட்டை வரியை நீக்குவேன் என்றார். இப்படிப்பட்ட மசோதாவுக்கு ஆதரவு கேட்டு எழுத வேண்டியது உங்கள் பழைய முகவரித் தொகுதி எம்.பி.க்கு. அவருடைய இணையப் படிவம் அஞ்சல் குறியீடு கேட்கும், எடிசன் குறியீட்டைப் போட்டு, 'இந்தியாவில் வசிக்கும் உங்கள் தொகுதி வாக்காளர்' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். கோவை பின்கோடு போட்டால் படிவம் உள்ளேயே போகாது. பிரான்ஸில் வெளிநாடு வாழ்வோருக்கென்றே 11 எம்.பி. தொகுதி இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை, ஐம்பது மாநிலத்திலும் சிதறிக் கிடக்கிறோம். எஃப்.வி.ஏ.பி. மதிப்பீட்டின்படி 2022-ல் வெளிநாட்டில் இருந்த வாக்களிக்கும் வயதுள்ள அமெரிக்கர்கள் சுமார் 28 லட்சம், ஓட்டுப் போட்டவர்கள் 3.4 சதவீதம். இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த எம்.பி. நமக்காக மெனக்கெடுவார்?

நன்கொடை தர நினைப்பவர்களுக்கு: வெளிநாட்டில் வசித்தாலும் குடிமகன் தரலாம். 2025-26-ல் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரம்பு, பிரைமரியும் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. வெளிநாட்டு முகவரியைப் பார்த்தால் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். இந்தியக் குடிமகனான கணவர் அல்லது மனைவியின் பணம் ஒரு டாலர்கூடச் சேரக்கூடாது. கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்புவதைத் தவிருங்கள்.

---

மயிலைமாலா:

இரண்டு எச்சரிக்கை, ஒரே வீட்டில் மூன்று விதமான அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு.

கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் எஃப்.பி.சி.ஏ. படிவத்தைத் தொடவே கூடாது. ஓட்டுப் போடாவிட்டாலும், குடிமகன் என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டதே நாடுகடத்தல் வரை கொண்டுபோகும். மகன் எல்லோருக்கும் சேர்த்து ஆன்லைனில் நிரப்பும்போது அம்மாவுக்கும் ஒன்று நிரப்பிவிடுகிற வீடுகள் உண்டு.

இன்னொன்று இந்தப் பக்கம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. ஓசிஐ வைத்திருப்பவருக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனால் பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும், பூத் சிலிப்பும் வீட்டுக்கு வரும். விரலில் மை வைத்துக்கொண்டால் குற்றம். படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்கிவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவருக்குப் பெயர் சேர்க்கப் படிவம் 6ஏ, அவர்கள் நேரில் வந்துதான் போட வேண்டும்.

வடவள்ளிவாசி மகளைப் பற்றி: பெற்றோர் கடைசியாக இருந்த முகவரியை வைத்து, அமெரிக்காவில் வசிக்காத பிள்ளைகளுக்கு ஓட்டுத் தரும் மாநிலங்கள்தான் பெரும்பான்மை, நியூ ஜெர்சியும் அதில் ஒன்று. தராத மாநிலங்களும் இருக்கின்றன. கொடுத்த இடத்திலும் வழக்கு வருகிறது. வட கரோலினாவில் 2024 மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் ஆலிசன் ரிக்ஸ் 734 ஓட்டில் வென்றார். தோற்ற ஜெஃபர்சன் கிரிஃபின், அங்கே வசிக்காத பிள்ளைகளின் ஓட்டும், அடையாள அட்டை நகல் இணைக்காத வெளிநாட்டுச் சீட்டும் செல்லாது என்று ஆறு மாதம் வழக்காடினார். தேர்தல் முடிந்தபின் விதியை மாற்ற முடியாது என்று 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னதும்தான் விட்டார். நம் பிள்ளைகள் விஷயத்தில் எதிர்த்தரப்பு தேடுவது இந்த மாதிரிக் குறைகளைத்தான், அதனால் படிவத்தில் ஒரு கட்டம்கூட அரைகுறையாக இருக்கக்கூடாது. பெற்றோரின் பழைய முகவரியை உங்கள் படிவத்தில் எப்படி எழுதினீர்களோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே மகள் படிவத்திலும் எழுதுங்கள்.

குடியுரிமை ஆவணத்தை இணைக்க வேண்டுமா என்ற குழப்பமும் வரும். 2025 மார்ச் 25 அதிபர் உத்தரவு இந்தப் படிவத்துக்கும் ஆவணம் கேட்கச் சொன்னது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. இருந்தாலும் நிரப்பும் அன்று தளத்தில் உள்ள புதிய படிவத்தை மட்டும் இறக்குங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பிடிஎஃப் வேண்டாம்.

---

வடவள்ளிவாசி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். செப்டம்பர் 19 தாண்டியும் சீட்டு வராவிட்டால்? என் கையெழுத்தும் இருபது வருடத்தில் மாறிவிட்டது, அதனால் தள்ளுபடி ஆகுமா?

---

கவுன்ட்டிகிளார்க்:

முதலில் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள், அங்கேதான் பாதி கிடக்கும். அங்கும் இல்லை என்றால் கிளார்க்குக்கு மின்னஞ்சல். அக்டோபர் முதல் வாரம் வரை பதில் இல்லையென்றால் எஃப்.டபிள்யூ.ஏ.பி. என்ற அவசரச் சீட்டு, அதே எஃப்.வி.ஏ.பி. தளத்தில். இது வெற்றுச் சீட்டு: பதவிக்கு எதிரே வேட்பாளர் பெயரை நீங்களே எழுத வேண்டும், பெயர் தெரியாவிட்டால் கட்சிப் பெயர் போதும். எழுத்துப்பிழை இருந்தாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தால் ஏற்பார்கள். சீட்டை ரகசிய உறையில் போட்டு ஒட்டுங்கள், அதன்மேல் எதுவும் எழுதாதீர்கள். உறுதிமொழித் தாளை அதற்குள் வைக்காமல் வெளி உறைக்குள் தனியாக வையுங்கள். இரண்டையும் ஒன்றாக உள்ளே ஒட்டிவிட்டால், யார் சீட்டு என்று தெரியாமல் பிரிக்கவும் முடியாமல் நிற்கும். எழும்பூர்தபால் சொன்ன எல்லா வழியும் இதற்கும் பொருந்தும். அனுப்பியபின் முறையான சீட்டு வந்தால் அதையும் நிரப்பி அனுப்புங்கள். வாரியம் ஒன்றைத்தான் எண்ணும், இரண்டு ஓட்டுப் போட்ட குற்றம் ஆகாது. எஃப்.பி.சி.ஏ. முன்பே போயிருந்தால்தான் இது உருப்படியாக வேலை செய்யும், அதனால் அந்தப் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையெழுத்து: நீங்கள் அங்கே பதிவே செய்யாதவர் என்பதால் ஒப்பிட அவர்களிடம் இருக்கப்போவது எஃப்.பி.சி.ஏ. தாளில் நீங்கள் போடும் கையெழுத்துத்தான், பழைய ஓட்டுநர் உரிமம் கோப்பில் இருந்தால் ஒருவேளை அதுவும். ஆகவே தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதை இன்றே முடிவு செய்து, நிரப்பிய படிவத்தை மொபைலில் படமெடுத்து வையுங்கள். அக்டோபரில் சீட்டில் கையெழுத்துப் போடும்போது அந்தப் படத்தைப் பார்த்துப் போடுங்கள். மனைவிக்கும் மகளுக்கும் அப்படியே. மகள் உறையில் அப்பா கையெழுத்து, அப்பா உறையில் மகள் கையெழுத்து என்று மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது, ஒருவர் முடித்து ஒட்டியபின் அடுத்தவர் ஆரம்பியுங்கள்.

பொருந்தவில்லை என்று வந்தாலும் நியூ ஜெர்சியில் உடனே குப்பைக்குப் போகாது. 2020-லிருந்து திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு, கடிதம் அனுப்பிக் கேட்பார்கள். அந்தக் கடிதம் தபாலில் வடவள்ளி வருவதற்குள் கெடு முடிந்துவிடும். எஃப்.பி.சி.ஏ. தாளில் மின்னஞ்சலும் +91 சேர்த்த கைபேசி எண்ணும் எழுதுங்கள். மகளுக்கு அவளுடைய சொந்த மின்னஞ்சல். நவம்பர் முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை ஸ்பேம் உள்பட பாருங்கள்.